இடது மட்கார்டின் உட்பக்கம்

பழைய கார் வைத்திருப்பவனிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். விற்கப் போகிறீர்களா, சரி செய்யப் போகிறீர்களா? பால்காரர் கேட்பார். மின்சார மீட்டர் பார்க்க வருபவர் கேட்பார். கொட்டகைச் சந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஆள்கூடக் கேட்பார். அப்படியே விட்டுவிடுவது என்று மூன்றாவதாக ஒரு வழி இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பத்தொன்பது வருடம் நான் அந்த மூன்றாவது வழியில்தான் இருந்தேன், ஐயா. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

அவசரமில்லை, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கே பிடிக்காது. இருபத்தெட்டு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவன் நான். எந்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எது புதிய கீறல், எது போன வருடத்துக் கீறல், எவன் கதை விடுகிறான், எல்லாம் தகரத்தைத் தடவினாலே தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சில பட்டறைக்காரர்கள் ஒரே உடைந்த கதவைக் காட்டி மூன்று வண்டிக்குப் பணம் வாங்கிவிடுவார்கள். அதனால் பார்த்து முடித்த பாகத்தில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஒரு குறி போட்டுவிடுவோம். என் குறி இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. அதன் கீழே அன்றைய தேதி, புள்ளி புள்ளியாக. தகரத்தில் புள்ளி குத்துவதற்குப் பேனா நீளத்துக்கு ஒரு எஃகுப் பஞ்ச் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கை பழகிவிட்டது. வீட்டில் குக்கர் மூடி, குடைப்பிடி, சுத்தியல் என்று எல்லாவற்றிலும் குறி போட்டிருக்கிறேன். என் மனைவியின் கைக்கடிகாரத்தின் பின்பக்கத்தில்கூட இருக்கிறது. தொலைந்தால் கண்டுபிடிக்க வசதி.

கார் என் மாமனாருடையது. வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி முந்நூறோ நானூறோ செய்துவிட்டு மூடிப்போனது. இரண்டே கதவு. கடல் பச்சை. கண்களைப் பாதி மூடிய மாதிரி முகப்பு விளக்குகள். இறப்பதற்கு முன்பு அதை அவர் மகள் பெயருக்கு எழுதிவிட்டார். மகனுக்கு வீடு, மகளுக்குக் கார். ஆனால் ஞாயிறு தவறாமல் துடைத்ததும், ஓட்டியதும், எண்ணெய் மாற்றியதும் நான்தான்.

போன மாதம் பெய்த மழையில் கொட்டகையின் கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தோம். கூரைத் தகடு காரின் முதுகில் கிடந்தது. தரையெல்லாம் செந்நிறத் தண்ணீர். என் மனைவி அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"இனிமே இத இப்படியே வெச்சிருக்க முடியாதுங்க. ஒண்ணு வித்துடலாம். இல்ல, சரி பண்ணிடலாம்."

இருபத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில், என் முகத்தைப் பார்க்காமல் அவள் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "பார்க்கலாம்" என்றேன். பொதுவாக நான் பார்க்கலாம் என்றால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்த முறை முடியவில்லை. மூன்றாம் நாள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பழைய கார்களை வாங்கிச் சேகரிப்பவராம். அவள்தான் யாரிடமோ எண் வாங்கிப் பேசியிருக்கிறாள்.

ஒல்லியான மனிதர். கையுறை போட்டிருந்தார். குச்சி முனையில் ஒட்டிய சின்னக் கண்ணாடியை வண்டிக்கு அடியில் நீட்டி நீட்டிப் பார்த்தார். துரு அவரைக் கொஞ்சமும் பயமுறுத்தவில்லை. "இந்த மாடல்ல உயிரோட இருக்கிறதே பதினஞ்சோ இருவதோதான் சார்" என்று தொலைத்த தாயத்தைத் திரும்பக் கண்டெடுத்தவன் மாதிரி சொன்னார்.

"வாங்கினதும் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மொத்தப் பெயின்ட்டையும் உரிச்சிடுவோம். ஒவ்வொரு தகரத்தையும் உள்ள வெளியன்னு போட்டோ எடுப்போம். அதுக்கப்புறம்தான் வேலையே. வண்டிக்கு என்ன நடந்துச்சுன்னு வண்டியே சொல்லிடும் சார்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமனாரின் ஞாபகமாக இருக்கட்டும், விற்பதற்கு மனசு வரவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் என் மனைவி எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ சரி பண்ணிடலாம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். விற்றால் வண்டி என் கண்ணைவிட்டுப் போய்விடும். எவனோ எங்கேயோ வைத்து உரிப்பான். சரி செய்வது என்றால் என் கொட்டகையில், என் கண்ணெதிரில் நடக்கும். ஆளையும் நானே தேர்ந்தெடுக்கலாம். சரி என்றேன்.

ஊரிலேயே மோசமான டிங்கரை எனக்குத் தெரியும். பட்டியார் என்பது அவர் பட்டப்பெயர். தகரத்தில் குழி விழுந்தால் தட்டி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தச் சோம்பல்பட்டால் பட்டி என்கிற பசையைக் குழைத்து அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடலாம். இவர் எதையும் அப்பிவிடுவார். 'பட்டியார் தொட்ட வண்டியில பாதிதான் வண்டி' என்று பட்டறைத் தெருவில் கேலி செய்வார்கள். மதியத்துக்கு மேல் நிதானத்தில் இருக்க மாட்டார். ஆறேழு முறை அவருடைய வேலையை நிராகரித்து நானே அறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்றையும் உரிக்காமல், ஒன்றையும் பார்க்காமல், பழைய பட்டிக்கு மேல் புதுப் பட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நம்பித்தான் அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து வண்டியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு பானெட்டைத் தொட்டார்.

"சார், என்ன வெச்சு காமெடி பண்றீங்களா?"

"ஏன்?"

"இந்த வண்டிய எங்கிட்டயா குடுக்கறீங்க? நீங்களா? என் வேலைய மூஞ்சியில விட்டெறிஞ்சவர் சார் நீங்க."

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றேன். ஐயா, ஒரு மனிதனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது என்று பிறகு தெரிந்தது.

நான்காம் நாள் அவர் தலைவாரி, சவரம் செய்துகொண்டு வந்தார். "குடிச்சு நாலு நாளாச்சு சார். கை நடுங்குது, ஆனா சரியாயிடும். இந்த வண்டிக்கு நான் பட்டி வெக்க மாட்டேன். தகரத்துக்குத் தகரம். எத்தனை மாசமானாலும் சரி." என் மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் கேட்டு நாளாகியிருந்தது. "பட்டியாரே பட்டி வேணாம்னுட்டாரே" என்றாள். "பேர மாத்திக்கறேன் அம்மா" என்றார் அவர்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். சர்ரக், சர்ரக் என்று. நான் கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது போய்க்கொண்டே இருக்கும். பின்பக்கம் என்றால் மூச்சு விடுவேன். வலது கதவு என்றால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். சத்தம் நின்றால்தான் மிகவும் பயம். நின்றால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு நாளில் பத்து முறை எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். "சாருக்கு என்னைவிட ஆர்வம்" என்பார் பட்டியார்.

அவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு காந்தம் தொங்கவிட்டிருந்தார். அதை வண்டியின் உடம்பெல்லாம் நகர்த்திக்கொண்டே போவார். "காந்தம் ஒட்டாத இடம் பொய் சார். அடியில பட்டிதான் இருக்கும்." பதினோராம் நாள் இடது முன் மட்கார்டில் வைத்தார். காந்தம் நழுவிக் கீழே விழுந்து கயிற்றில் ஆடியது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"இங்க நல்ல அடி பட்டிருக்கு சார். ஆனா எங்காளுங்க பாத்த வேலை இல்ல இது."

"எப்படிச் சொல்றீங்க?"

"உள்பக்கமும் பெயின்ட் அடிச்சிருக்கான். நாங்க எல்லாம் வெளிய பளபளன்னு விட்டுட்டுப் போயிட்டே இருப்போம். சக்கரத்துக்கு மேல உள்ளாற எவன் தலைய விட்டுப் பாக்கப் போறான்? பாத்துடுவாங்களோன்னு பயந்தவன்தான் சார் உள்பக்கம் அடிப்பான்."

அது மிகச் சரியான மதிப்பீடு. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எனக்கு முன்னாலேயே யாரோ செய்திருக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வரும்போது கொட்டகையில் இரண்டு பேர் குரல் கேட்டது. ஈரத் தலையோடு போனேன். இடது முன் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். பட்டியார் தன் கைபேசியை என் மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "சார், நீங்களும் பாருங்க. உள்பக்கப் பெயின்ட்ட உரிச்சா இது இருக்கு. கம்பெனிக்காரன் போட்ட நம்பரான்னு அம்மாகிட்ட கேட்டேன்."

இரண்டு புள்ளி. நடுவில் ஒரு கோடு. அதன் கீழே ஒரு தேதி.

அந்தக் குறியைப் போட்டது எனக்கு ஞாபகமே இல்லை, ஐயா. இத்தனை வருடமும் அந்தத் துருவுக்கு அடியில் ஒரு பழைய அடி இருக்கிறது என்று மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். என் கையெழுத்து இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் கை தானாகப் பைக்குப் போய், பஞ்ச்சை எடுத்து, நாலு தட்டு தட்டிவிட்டு, தேதியையும் போட்டிருக்கிறது. அதற்கு மேலேயே பெயின்ட்டும் அடித்திருக்கிறேன். ஒழுங்கானவன் செய்கிற தப்பு அது.

என் மனைவி கைபேசியைப் பார்த்தாள். "கம்பெனி நம்பராத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் எதையும் உற்றுப் பார்க்கிற ரகமில்லை. அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது கரண்டி தட்டில் தடதடவென்று தட்டியது. அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு.

இப்போது அந்தத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், நல்ல மனிதர். அதை எழுதிக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கத்தை ஒட்டியிருந்த பம்பு நிலையத்தில் வேலை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒரு விடிகாலை, வேலை முடிந்து நடந்து வரும்போது வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. வண்டி கிடைக்கவில்லை. உங்கள் பழைய கோப்பில் லாரி என்று இருக்கும். சாலையில் கிடந்த விளக்குக் கண்ணாடித் துண்டுகளை ஒரு காகிதப் பொட்டலத்தில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார்கள். இந்த நாற்காலியில் அப்போது வேறொருவர் இருந்தார். 'உங்க மச்சான் விஷயம், உங்களுக்குத்தான் வண்டி சாமான் தெரியும்' என்றார். லாரி விளக்கு என்று எழுதிக் கொடுத்தேன். பொட்டலத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் குறியில் இருந்தது அதற்கு மறுநாளின் தேதி.

அது ஒரு விபத்து என்றுதான் முதலில் சொல்லலாம் என்று நினைத்தேன். கோப்பில் பனி என்று எழுதியிருக்கும். பனி இருந்தது. ஆனால் மரங்கள் தெரியாத அளவுக்கு இல்லை.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கொட்டகைக்குப் போய் வண்டியை ஒரு தட்டு தட்டுவார். "மாப்ள, இது மேல வெச்சிருக்கிற பாசத்துல பாதிய என் தங்கச்சி மேல வெச்சிருந்தா அவ ரெண்டு சுத்து பெருத்திருப்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நாள் அவர் சிரிக்கவில்லை. என் மனைவியின் மணிக்கட்டில் நீலமாகக் கன்றியிருந்தது. கதவு இடுக்கில் பட்டுவிட்டது என்று அவளே சொன்னாள். அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் சமையலறைக்குப் போய் மெதுவாகப் பேசத் தொடங்கினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "அப்பா உனக்குன்னு குடுத்தது அது. வித்துடும்மா. வித்துட்டு என்கூட வந்துடு. தையல் மெஷின் ரெண்டு வாங்கிப் போட்டு ஒரு கடை வெச்சுத் தரேன். இந்த ஆளுக்குப் பயந்து பயந்து எத்தனை நாளைக்கு இருப்பே?"

அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று காத்திருந்தேன். "யார்கிட்ட விக்கிறதுண்ணே?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விதான். நான் எவ்வளவு பயந்துவிட்டேன் என்று உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது? குழந்தை குட்டி இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? அவள் குளிக்கப் போனால்கூட தண்ணீர்ச் சத்தம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவன் நான். அக்கறை என்று அதற்குப் பெயர். மச்சானுக்கு அது புரியவில்லை.

ஞாயிறு காலையில் பேட்டரிக்காக வண்டியைச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டுவது வழக்கம். அன்றைக்கு நீர்த்தேக்கச் சாலையில் போனேன். அவர் எதிரே நடந்து வந்தார். கடல் பச்சை நிறத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டு கையைத் தூக்கினார். வீடு வரை ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஓரமாக நின்று, சாப்பாட்டுத் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார், கதவைத் திறக்க வசதியாக. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

சாவு வீட்டில் யாருக்கும் காரைப் பார்க்கும் நினைப்பு இல்லை. மறுநாள் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது நான் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு மட்கார்டை நிமிர்த்தி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்து, விளக்குக்கும் வேறு கண்ணாடி மாட்டினேன். அவருடைய காரியங்கள் முழுவதையும் நான்தான் முன்நின்று செய்தேன். அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

பிறகு வண்டியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதை மட்டும் விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி உப்புப் போட்டுத் துடைப்பேன். துரு சீக்கிரம் தின்று முடித்துவிடும் என்று நினைத்தேன். "ரெண்டு பேர் இருக்கிற வீட்ல இவ்வளவு உப்பு எங்கங்க போகுது?" என்று அவள் ஒரு முறை கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பட்டியாருக்கு வருகிறேன். குறியைப் பார்த்த அன்று மாலை, அதை ராவி அழித்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"எதுக்கு சார் அழிக்கணும்? வண்டி கூடவே வந்த நம்பராச்சே."

"அசிங்கமா இருக்கு."

"உள்ளாற இருக்கறது யாருக்கு சார் அசிங்கம்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வண்டி அம்மா பேர்ல இருக்கு. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு அழிச்சிடறேன்."

அவர் போன பிறகு வண்டியைச் சுற்றி வந்தேன். நான்கு பக்கமும் இரும்புத் தாங்கிகள் வைத்து, வண்டியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தார். தாங்கிகளை அடிச்சட்டத்தின் கெட்டியான இடத்தில் கொடுத்திருந்தார். நல்ல வேலை. அதற்குப் பக்கத்திலேயே, நாலு விரல் தள்ளி, துரு தின்று வெறும் தோலாகிப்போன இடம் இருந்தது. அங்கே கொடுத்தால் வண்டி நிற்கும். ஆனால் யாராவது அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கித் தட்டினால் நிற்காது.

காலையில் அவர் வருவதற்கு முன்பு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இடது முன் தாங்கியை நாலு விரல் நகர்த்தினேன். இறக்கும்போது சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அடங்கியது. டிங்கர்கள் இப்படிச் சாவது புதிதில்லை. தாங்கி நழுவியது, கவனக்குறைவு என்று நானே பல அறிக்கை எழுதியிருக்கிறேன்.

பட்டியார் வந்தார். நான் கொட்டகை வாசலையே சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்து, மின்கட்டணத்துக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள், கட்டிவிட்டு வாருங்கள் என்றாள். எனக்கும் அது நல்லதாகப் பட்டது. விபத்து நடக்கும்போது வீட்டில் இல்லாமல் இருப்பது எப்போதுமே நல்லது.

தெருமுனை வரைதான் போனேன். தாங்கியைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் திரும்பினேன். இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். சரி செய்யத்தான் திரும்பி வந்தேன்.

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. பட்டியார் இல்லை. அவருடைய பலகையில் என் மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். சக்கரம் இல்லாத இடத்துக்குள் தலையும் தோளும் மறைந்திருந்தன. உள்ளே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

நான் ஓர் அடி வைத்தேன். படிப்பது நின்றது. உள்ளேயிருந்து அவளுக்கு என் கால்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"பட்டியாரா?" என்றாள்.

நான் இன்னும் ஓர் அடி வைத்தேன்.

"நீங்களா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "பட்டியார் எங்கே?" என்று கேட்டேன்.

"போல்ட்டு வாங்க அனுப்பிச்சேன்." டார்ச் அணைந்தது. "என்னங்க... அண்ணன் உங்களப் பாத்தாரா?"

"வெளிய வா, பேசலாம்."

"பாத்தாரா? அத மட்டும் சொல்லுங்க."

"கை காட்டினார்" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

அவள் அழவில்லை. குதிகால்களைத் தரையில் ஊன்றி வெளியே நகரப் பார்த்தாள். பலகையின் சின்னச் சக்கரம் ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. குதிகால்கள் வழுக்கின. மறுபடி ஊன்றினாள். அவசரப்பட்டாள். வெளியே வந்ததும் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வீட்டைவிட்டுப் போகப் போகிறாள். சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி. ஐயா, என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

மட்கார்டில் சாய்ந்தேன். நேற்று உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். நிற்க முடியாமல் சாய்ந்தேன் என்று.

மட்கார்டின் தூசியில் இரண்டு உள்ளங்கைகளும் பத்து விரல்களும் முழுதாகப் பதிந்திருக்கும் படத்தைக் காட்டினீர்கள். தடயத்தை நான் மறுப்பதில்லை. சாய்கிறவன் கை அப்படிப் பதியாது. தள்ளினேன். முதல் தள்ளலில் விழவில்லை. இரண்டாவது முறை தள்ளினேன்.

சத்தம் அடங்கிய பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கை மட்டும் வெளியே இருந்தது. பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டாள். அந்த வலியிலும் அவளுக்கு அவ்வளவு வலு இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, உங்கள் ஜீப் வந்துவிட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. ஜீப்பிலிருந்து முதலில் குதித்தது பட்டியார். அவரும் உங்கள் ஆட்களும் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கினார்கள். அவர் உங்களோடு எப்படி வந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. போல்ட்டுக் கடை உங்கள் ஸ்டேஷன் இருக்கும் தெருவில்தான். அவர் கையில் போல்ட்டு ஒன்றும் இல்லை. அவருடைய கைபேசியில் இருந்த படமும், பின்பக்கக் குறி தெரியும்படி கவிழ்த்த அவள் கைக்கடிகாரமும் உங்கள் மேஜையில் இருக்கின்றன. கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பழுது பார்க்கக் கொடுத்திருப்பாள். கொஞ்ச நாளாக அது மெதுவாகத்தான் ஓடியது.

அவளுக்கு எதுவும் முன்னாலேயே தெரியாது. விற்கலாம், சரி பண்ணலாம் என்று சொன்னதெல்லாம் கூரை விழுந்ததால்தான்.

இடுப்பெலும்பும் தோளும்தான், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். நன்றி. என் பெயரைச் சொன்னதும் கட்டிலில் சுவர்ப்பக்கமாக ஒதுங்கினாள் என்றும், கதவை உள்ளே தாழ் போடும்படி நர்ஸிடம் கெஞ்சினாள் என்றும் சொன்னீர்கள். வலிக்கு ஊசி போட்டால் மனிதர்கள் ஏதேதோ பேசுவார்கள். தெளிந்ததும் என்னைத்தான் தேடுவாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். போட்டுவிட்டு நான் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். அங்கே அவள் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்பா இல்லை. அம்மா இல்லை. அண்ணனும் இல்லை. பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?